தேயிலை மலையில் ஒரு நாள்

மலையின் அழகைக் காணச் செல்வோர் பலர். மலையில் வாழ்வோரின் வரவு செலவைக் கேட்டறிந்து திரும்புவோர் மிகச் சிலர். நீலகிரிக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் வருகின்றனர். பூங்காவைக் காண்கின்றனர், ஏரியில் படகு விடுகின்றனர், தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், கால் கிலோ தேயிலைத் தூளும் ஒரு புட்டி நீலகிரித் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். நாமும் பன்முறை அவ்வாறே சென்று வந்தவர்கள்தாம். சென்ற ஆவணித் திங்களில் நெசவாளர் அன்பர்கள் சிலருடன் மேற்கொண்ட ஒரு நாள் பிரயாணமோ, அந்தப் பசுமையின் அடியில் ஓடும் கணக்கை நமக்குக் காட்டிற்று. அக்கணக்கு தேயிலை விவசாயிக்கு மட்டும் உரியதன்று. தறியில் அமர்ந்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கும் உரியதே. ஆதலின் அதனை இங்கே எழுதுகிறோம்.

புறப்பாடு

பவானி ஆற்றங்கரையை அடுத்த ஒரு நெசவூரிலிருந்து பத்துப் பேர் புறப்பட்டோம். எழுவர் பட்டு நெசவாளர். இருவர் வாழை பயிரிடுவோர். பத்தாவது ஆள் நாம். முகூர்த்தச் சேலைகளுக்கான பாவு முடிந்து, புதிய பாவு பிணைப்பதற்கு இடையில் கிடைத்த ஓய்வு நாள் அது. வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, வாடகை, எரிபொருள், ஓட்டுநர் படி யாவற்றையும் தலைக்கு இவ்வளவு எனப் பங்கிட்டுக்கொண்டோம். சங்கத்தின் கணக்கில் ஒரு காசும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருப்பின், அதனை முதலில் ஆட்சேபிக்கக் கடமைப்பட்டவர் நாமே அல்லவா! சொந்தச் செலவில் செல்லும் பிரயாணத்தில் ஒரு சுகம் உண்டு. எவருக்கும் அறிக்கை எழுத வேண்டுவதில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதத்தில் நீலகிரி செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே அதனைப் பெற்றுவிட்டார். தண்ணீரைப் பிளாஸ்டிக் புட்டிகளில் கொண்டு செல்லலாகாது என்பதால், எவர்சில்வர் குடங்களில் நிரப்பிக்கொண்டோம். கட்டுச்சோறும் உடன் வந்தது.

குழுவில் மூத்தவர் எழுபதை நெருங்குபவர். ஐம்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் கால் பதித்தவர். தம் வீட்டு வாசலில் நின்றால் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும் அம்மலையின் மேல் அவர் இதற்குமுன் ஏறியதில்லை என்று கேட்டு வியந்தோம். "நாடா ஓடினால்தானுங்களே சோறு; மலை எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன்" என்றார் அவர்.

மலைப்பாதை

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் உள்ளது; குன்னூரோ 6,000 அடி உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட 5,000 அடி உயரத்தைச் சாலை 14 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறிக் கடக்கிறது. ஊரைத் தாண்டியதும் இருமருங்கும் பாக்குத் தோப்புகள். கல்லாறு வந்ததும் காற்றில் குளுமை.

இங்கிருந்துதான் மலை ரயிலும் தன் பற்சக்கரத்தைத் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களில் பதித்து ஏறத் தொடங்குகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் இப்பாதை திறக்கப்பட்டது. மொத்த நீளம் 46 கி.மீ. சில இடங்களில் 12 அடி முன்னேறுவதற்குள் ஓர் அடி உயர்ந்துவிடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. நாம் சாலை வழியே சென்றமையால், மரங்களுக்கிடையே அதன் பாலங்களை மட்டுமே கண்டோம்.

பர்லியாற்றில் வண்டி நின்றது. அங்குள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணை 1871-இல் தொடங்கப்பட்டது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு முதலிய அயல்நாட்டு மரங்கள் நம் நாட்டு மண்ணில் வேரூன்றி நிற்பதை அங்கே காணலாம். மங்குஸ்தான் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. வாழை பயிரிடும் அன்பர்கள் இருவரும் பழத்தைச் சுவைத்ததைவிட, மரத்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை ஆண்டில் காய்ப்பு என்று விசாரித்ததே மிகுதி.

மேலே செல்லச் செல்ல மண் சரிந்த வடுக்கள் சில கண்ணிற்பட்டன. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் இம்மாவட்டத்தில் பல இடங்களில் நிலச்சரிவு ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவோரும், ஒரு நாள் இன்பத்துக்காக ஏறுவோரும் மறக்கலாகாத செய்தி இது.

பச்சைப் பாய்

குன்னூரை நெருங்கியதும் காடு விலகித் தேயிலை தொடங்கியது. லாம்ஸ் ராக் வழியாக டால்பின்ஸ் நோஸ் என்னும் பாறை முனைக்குச் சென்றோம். சாலையின் இருபுறமும் செடிகள் இடுப்பளவு உயரத்தில், மேற்புறம் சமமாக, சரிவைத் தழுவி இறங்கி மறுசரிவில் ஏறிச் சென்றன. இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். பாறை முனையில் நாம் நின்றபோது பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. கால் மணி நேரம் எதுவும் புலப்படவில்லை. பின்பு யாரோ திரையை ஒதுக்கியதுபோல் பனி விலகி, எதிர்மலையில் 250 அடி உயரத்திலிருந்து விழும் கேத்தரின் அருவி வெள்ளை இழைபோல் காட்சி தந்தது. அனைவரும் வாய்பேசாது நின்றோம். மறுபடியும் திரை விழுந்தது.

திரும்பும் வழியில் மூத்தவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இந்தப் பக்கத்துத் துணியையும் அந்தப் பக்கத்துத் துணியையும் ஒரே ஆள் நெய்யவில்லை" என்றார். அவர் சுட்டிய இடத்தில், ஒரு வேலிக்கு இப்பால் செடிகள் அடர்ந்து சமமாகவும், நுனியெல்லாம் இளம் பச்சையாகவும் இருந்தன. அப்பாலோ கரும்பச்சை, செடிகள் மட்டமிழந்து, நீண்ட கொம்புகள் தாறுமாறாக எழுந்து நின்றன. அறுபது கண்ணறை எது, நாற்பது கண்ணறை எது என்று துணியைத் தொடாமலே சொல்லும் கண் அவருடையது. மலையிலும் அது பிழைபடவில்லை.

இப்பால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்மணிகளில் ஒருவரிடம், "ஏனுங்க அம்மணி, அந்தக் காடு ஏன் அப்படிக் கிடக்கிறது?" என்று அவர் கேட்டார். கைகள் ஓயாமலே அப்பெண்மணி மறுமொழி சொன்னார்: "அந்தக் காட்டுக்காரர் மூன்று சுற்றாக ஆள் விடவில்லை ஐயா. இலைக்குக் கிடைக்கும் விலை எங்கள் கூலிக்கே கட்டவில்லையாம்."

அவர் பாட்டனார் காலத்தில் குடும்பம் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1964-இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பிய பல்லாயிரம் குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அவ்வாறு வந்தோருக்கு வேலை அளிக்கும் பொருட்டே தமிழக அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என வழங்கும் அரசுக் கழகமாயிற்று. "அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து" என்று சிரித்தார் அவர்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது கேள்விப்பட்ட சொற்றொடர்தான். அதன் பொருளை அன்றுதான் கண்ணாரக் கண்டோம். நுனியில் விரியாத மொட்டும், அதனை ஒட்டிய இரண்டு இளம் இலைகளும் மட்டுமே நல்ல தேயிலைக்கு ஏற்றவை. பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை செடியைச் சுற்றி வந்து இவற்றைக் கிள்ள வேண்டும். காலம் தவறினால் இலை முற்றி நாராகிவிடும். கையால் கிள்ள ஆள் கிடையாமையாலும், கூலி கட்டாமையாலும், பலர் இப்போது பை பொருத்திய கத்தரியால் வெட்டுகின்றனர். கத்தரி வேலை விரைவு. ஆனால் அதற்குக் கொழுந்தும் முற்றலும் ஒன்றே. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்துச் செய்து தாழ்த்தாவிடில், அது மரமாகவே வளர்ந்துவிடும். நாம் அழகென்று வியந்த அந்தப் பச்சைப் பாய், ஓயாத கைகளால் பத்து நாளுக்கொருமுறை நெய்யப்படும் பாயேயாகும்.

தொழிற்சாலையில்

நீலகிரியில் 1830-களிலேயே கேத்திப் பள்ளத்தாக்கில் தேயிலை நட்டுப் பார்த்தனர். 1850-களின் இறுதியில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. நெடுங்காலம் அது வெள்ளைக்காரத் துரைமார் பயிராகவே இருந்தது. பின்னர் படகர் பெருமக்களும் பிறரும் தம் சிறு நிலங்களில் தேயிலை நட்டனர். ஆனால் இலையைத் தூளாக்க ஆலை வேண்டும். ஓரிரு ஏக்கர் உடையவர் ஆலை வைப்பது எங்ஙனம்? பறித்த இலை மறுநாளைக்குத் தாங்காது. ஆலைக்காரர் சொன்னதே விலை. இந்நிலையை மாற்ற எழுந்தவையே கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள். 1962-இல் குந்தாவில் முதல் தொழிற்சாலை அமைந்தது. 1965-இல் அவற்றின் கூட்டமைப்பாக இன்கோசர்வ் தோன்றியது. இன்று அதன்கீழ் 16 தொழிற்சாலைகள் உள்ளன. நியாயவிலைக் கடைகளில் நம் தாய்மார்கள் வாங்கும் ஊட்டி டீ இச்சிறு விவசாயிகளின் இலையே என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் வழியில் அத்தகைய ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டா, நாம் சொல்ல வருவது பல சங்கங்களுக்கும் பொருந்துவது.

வாயிலைத் தாண்டுமுன்பே மணம் வரவேற்றது. முதலில் வாட்டும் தொட்டிகள். நீண்ட கம்பி வலையின் மேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றுச் செலுத்துகின்றனர். பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றில் கிடந்து அதில் ஒரு பகுதி வெளியேறுகிறது. வாடிய இலை, எதிரெதிராகச் சுழலும் பல்லுருளைகளுக்கிடையே செல்கிறது. ஓர் உருளை மெதுவாகவும், மற்றொன்று அதைப்போல் பத்து மடங்கு விரைவாகவும் சுழல்வதால் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. பச்சை மாவுபோல் வெளிவருவது, காற்றுப் பட்டுக் கிடக்கும்போது நம் கண்முன்னே செம்பு நிறம் ஏறுகிறது. நிறமும் சுவையும் பிறக்கும் நேரம் அதுவே. சற்று முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சாரமின்மை. பின்பு வெப்பக் காற்றில் உலர்த்தி, ஈரத்தை நூற்றுக்கு மூன்று என்னும் அளவுக்குக் குறைக்கின்றனர். இறுதியில் நார் நீக்கிச் சலித்துத் தரம் பிரிக்கின்றனர். சாயப்பட்டறையில் வாழ்ந்த நம் நெசவாளர்கள், நிறம் ஏறும் அந்த அறையிலிருந்து நகர மனமின்றி நின்றனர்.

சுமார் நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. ஒரு குவளைக்கு 2 கிராம் எனக் கொண்டால் அது 500 குவளைத் தேநீர்.

இலை நிறுக்கும் இடத்தில்

பிற்பகல் இலை வந்துகொண்டிருந்தது. வலைச்சாக்குகளைத் தராசில் ஏற்றி எடை குறித்தனர். வெள்ளைத் தலைப்பாகையும் தோளில் வெள்ளைப் போர்வையுமாக ஒரு படகப் பெரியவர் தம் இரண்டு சாக்குகளுடன் நின்றார். சாக்கைப் பிரித்ததும் நம் கண்ணுக்கே தெரிந்தது: பெரும்பாலும் முற்றல், நீண்ட காம்புகள், கத்தரி பட்ட அரை இலைகள்.

நம் மூத்த நெசவாளர் அவரருகே சென்று வணக்கம் கூறி, "ஐயா, உங்கள் காட்டு இலை எல்லாம் இந்தச் சங்கத்துக்குத்தானுங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "விருந்தாளியாக வந்திருக்கிறீர்கள், பொய் சொல்லக் கூடாது" என்று தொடங்கினார். "கையால் கிள்ளிய நல்ல கொழுந்தைக் காலையில் ஏஜண்டு வண்டிக்குப் போட்டுவிட்டேன். அவர் வாரம் தவறாமல் பணம் கொடுக்கிறார். மீந்ததை இங்கே கொண்டு வந்தேன்."

"இது உங்கள் சொந்த ஆலை அல்லவா?"

"என் தகப்பனார் பங்கு போட்ட ஆலை. கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் போன வருஷம் இரண்டு மாதப் பணம் நின்றுபோயிற்று. பேத்திக்குக் கல்லூரிப் பணம் கட்டும் கெடு வந்துவிட்டது. அன்றைக்கு ஏஜண்டு கொடுத்தார். அதன் பிறகு அவருக்கு நல்ல இலையை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை."

எடை குறித்துக்கொண்டிருந்த ஊழியர் தலை நிமிர்ந்தார். அவர் குரலில் கோபமில்லை, சலிப்பே இருந்தது. "முற்றல் வந்தால் தூள் ஏலத்தில் விலை போகாது. விலை போகாவிட்டால் பணம் தாமதம். பணம் தாமதமானால் நல்ல இலை வராது. அங்கத்தினர் கொண்டு வந்த இலையைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம் சார்" என்றார்.

ஏலத்தின் கணக்கு

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. 2003-இல் டீசர்வ் என்னும் மின்னணு ஏல மையமும் ஏற்பட்டது. ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையை ஒட்டியே, பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. ஏல விலை வீழ்ந்தால் மலையிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு தணியும். 1991-இல் சோவியத் நாடு சிதைந்ததும் நம் தேயிலையின் பெருஞ்சந்தை ஒன்று குலைந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் பசுந்தேயிலை விலை படுவீழ்ச்சி அடைந்து, சிறு விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. உலகச் சந்தையைத் தனி விவசாயியும் தனிச் சங்கமும் மாற்ற இயலாது. தங்கள் கையிலுள்ளது தரம் ஒன்றே.

வாதத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத் தொழிற்சாலைக்கு நாளொன்றுக்கு 10,000 கிலோ இலை வருகிறது எனக் கொள்வோம். அது 2,200 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தூளாகும். நல்ல கொழுந்தின் காரணமாக ஏலத்தில் கிலோவுக்கு 20 ரூபாய் கூடினால், ஒரு நாளைக்கு 44,000 ரூபாய் கூடும். மாதத்துக்கு 25 நாள் எனில் 11 லட்சம் ரூபாய். நிலுவையின்றிப் பணம் பட்டுவாடா செய்ய இத்தொகை எவ்வளவு துணை நிற்கும்! ஆனால் நூறு பேர் கொழுந்து கொணரும் நாளில் இருபது பேர் முற்றல் கொணர்ந்தாலும், தொட்டியில் எல்லாம் ஒன்றாகிவிடும். ஏலத்தில் சுவை பார்ப்பவருக்கு எவருடைய இலை எது என்று தெரியாது. குவளையில் குறை மட்டுமே தெரியும். நல்ல இலை கொணர்ந்தவர்க்கும் குறைந்த விலை; முற்றல் கொணர்ந்தவர்க்கும் அதே விலை. ஆகவே மறுநாள் நல்லவரும் மனம் தளர்கிறார்.

கோத்தகிரித் தேநீர்

கோத்தகிரியை அடைந்தபோது மாலை நான்கு மணி. அதனருகில் கன்னேரிமுக்கு என்னும் ஊரில்தான் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் முதன்முதல் தம் இல்லத்தை அமைத்தார். அவர் இம்மலைக்கு வந்தது 1819-இல். உதகைக்குச் சென்றது அதன் பின்னரே. இன்று நினைவகமாக உள்ள அவ்வில்லத்தைக் கண்டுவிட்டு, ஒரு கடையில் தேநீர் அருந்த அமர்ந்தோம்.

மூத்தவர் நெடுநேரமாகப் பேசாதிருந்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு, நம்மைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, அந்தப் படகப் பெரியவரை நான் கேட்ட கேள்வியை என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். என் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் சங்கத்துப் பாவு. மற்றொன்றில் வெளி வியாபாரி பாவு. கை தேர்ந்த மூத்த மகன் வியாபாரி தறியில் உட்காருகிறான். பழகுகிற பேரன் சங்கத்துத் தறியில் உட்காருகிறான். பேரன் கையில் ஊடை இறுகாது. கரை சீராக வராது. அந்தச் சேலையைச் சங்கத்துக்குத்தான் கொடுக்கிறேன்."

மேசையைச் சுற்றியிருந்தவர்களில் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வீட்டுக் கதை அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதற்கு அந்த மௌனமே சாட்சி.

"ஏன் அப்படி?" என்று கேட்டோம்.

"வியாபாரி சேலையை வாங்கின கையோடு கூலி கொடுக்கிறார். சங்கத்தில் கூலி எப்போது என்று கேட்டால், பட்டியல் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எங்கே என்று எங்களுக்குத் தெரியாதுங்க."

மேலே என்பது எங்கே என்று நமக்குத் தெரியும். சில வேளைகளில் அது நம் மேசையேயாகும். ஒரு கையொப்பம் விடுபட்டது, ஒரு கூட்டல் ஒத்து வரவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பிய கட்டுகள் எத்தனை! குறிப்பெழுதியது முறைதான். ஆனால் அன்றே தொலைபேசியில் சொல்லித் திருத்தியிருக்கக்கூடியதைத் தபாலில் திருப்பி, பதினைந்து நாட்கள் கழித்துப் பெற்ற நாட்களும் உண்டு. அந்தப் பதினைந்து நாளில் ஒரு தறியிலிருந்து கை தேர்ந்த மகன் எழுந்து மற்றொரு தறிக்குச் சென்றுவிடுகிறான் என்பதை எந்தத் தணிக்கைக் குறிப்பிலும் நாம் எழுதியதில்லை. இதனை அந்த மேசையிலேயே அவர்களிடம் ஒப்புக்கொண்டோம். ஆய்வாளர் தம் குறையைச் சொல்லக் கேட்டது அவர்களுக்குப் புதுமை. சொன்னது நமக்கும் புதுமை.

யாவர் கடன் எது?

இலை முற்றல், கூலி தாமதம், வெளி வியாபாரி ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் முறுக்குகள். ஒருவர் மற்றவரைச் சுட்டிக்கொண்டிருக்கும் வரையில் முறுக்கு அவிழாது. அவரவர் தம் கையில் உள்ள நுனியைப் பற்றி அவிழ்க்க வேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கது ஒன்று. சங்கம் பிறரது கடையன்று. தாம் பங்கு போட்ட சொத்து. தம் நல்ல சரக்கை வெளியே விற்றுக் கழிவைத் தம் சொந்த ஆலைக்கே கொடுப்பவர், தம் வீட்டுக் கிணற்றிலேயே குப்பை கொட்டுபவராவார். முழுவதையும் உடனே மாற்ற இயலாதாயின், பாதி நல்ல இலையையேனும், ஒரு நல்ல சேலையையேனும் சங்கத்துக்கெனத் தொடங்கலாம்.

நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்கது இரண்டு. முதலாவது, பணம் கொடுக்கும் நாளை அறிவித்து, அந்த நாளைக் காப்பது. தொகை சிறிது குறைந்தாலும் பொறுப்பவர், நாள் தவறினால் பொறுப்பதில்லை. வியாபாரி இதனை அறிந்திருக்கிறார், நாம் அறியவில்லை. இரண்டாவது, தரத்துக்கேற்ற விலை. கொழுந்துக்கும் முற்றலுக்கும், இறுகிய நெசவுக்கும் தளர்ந்த நெசவுக்கும் ஒரே விலை கொடுப்பது சமத்துவமன்று, நல்லவரைத் தண்டிப்பதாகும். இலை வரும் இடத்திலேயே பிடி இலையை எடுத்துப் பிரித்துக் காட்டி, அங்கத்தினர் கண்முன்னே தரத்தைக் குறித்தால் வழக்கு எழாது.

அலுவலர்கள் செய்யத்தக்கது, கட்டு நம் மேசையில் தங்கும் நாட்களையும் ஒரு செலவாகக் கருதுவது. அச்செலவு அரசின் கணக்கில் ஏறுவதில்லை. விவசாயியின் அடுப்பிலும் நெசவாளியின் தறியிலும் ஏறுகிறது.

இறக்கம்

கோத்தகிரிச் சாலை வழியே இறங்கினோம். கோடைச் சீசனில் நெரிசலைக் குறைக்கக் குன்னூர் வழியே ஏற்றமும் கோத்தகிரி வழியே இறக்கமுமாக வண்டிகளை விடுவது வழக்கம். நாம் தற்செயலாக அம்முறையிலேயே மலையைச் சுற்றி வந்துவிட்டோம். ஒரு வளைவில் காட்டு மாடுகள் இரண்டு தேயிலைக்குள் நின்று நம்மை நோக்கின. கீழே சமவெளி இருளத் தொடங்கி, ஊர்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

ஒவ்வொருவர் மடியிலும் தொழிற்சாலையில் வாங்கிய தேயிலைப் பொட்டலம் இருந்தது. மூத்தவர் தம் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "புதுப் பாவு திங்கட்கிழமை ஏற்றுகிறோமுங்க. சங்கத்துத் தறியில் மூத்தவனையே உட்காரச் சொல்கிறேன். ஒரு பாவு நெய்து பார்க்கட்டும். கூலி நாள் மட்டும் தவறக் கூடாது."

"கட்டு நம்மிடம் வந்தால் மறுநாள் தங்காது" என்று வாக்களித்தோம். வண்டியில் ஒன்பது சாட்சிகள். இப்போது இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர் அனைவரும் சாட்சிகளாகின்றீர்.

கூட்டுறவு அன்பர்களே! தங்கள் சங்கத்தின் சார்பிலன்றி, தங்கள் சொந்தக் காசில், ஒரு நாள் இம்மலைக்குச் சென்று வாருங்கள். அருவியைக் காணுங்கள், பனியைக் காணுங்கள், பின்பு இலை நிறுக்கும் இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். மலை விவசாயிகளையும் நாம் அழைக்கிறோம்: தாங்களும் ஒரு நாள் இறங்கி வந்து எங்கள் தறிகளைக் காணுங்கள். தங்கள் சாக்கிலுள்ள முற்றலும் எங்கள் சேலையிலுள்ள தளர்ந்த ஊடையும் ஒன்றே என்பதை இருவரும் ஒருங்கே கண்டுகொண்டால், இரண்டையும் திருத்தும் நாள் தொலைவில் இல்லை.